அம்மாவின் 65-வது பிறந்தநாள்: திருச்சியிலிருந்து ரயிலில் தஞ்சாவூர், ஒரே நாளில் போய்வர யோசனை வேண்டும்

உறையூர்_கவி

எல்லோருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் அம்மாவுக்கு 65 முடிகிறது. ஹோமம், மண்டபம், சொந்தக்காரர் கூட்டம் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கேட்டது ஒன்றுதான்: "ரயில்ல எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்." பிறந்தநாள் சனிக்கிழமையில் வருகிறது. நான், கணவர், ஆறு வயசுப் பையன், அம்மா, ஆக நான்கு பேர். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்தால் ஐந்து.

தஞ்சாவூர் என்று முடிவு செய்திருக்கிறோம். என் திட்டம் இது: காலையில் பெரிய கோயில், அப்புறம் அரண்மனை, சரஸ்வதி மகால், மதியச் சாப்பாடு, புன்னைநல்லூர் மாரியம்மன், அங்கிருந்து திருவையாறு, முடிந்தால் கல்லணை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். கேக் எங்கே வெட்டுவது என்றும் சொல்லுங்கள். ரயிலிலேயே வெட்டினால் பையனுக்கு ஒரே குஷியாக இருக்கும்.

சும்மா_ஒருவன்

கார் இருக்கிறதா? இருந்தால் இந்த இழையே தேவையில்லை. ஐம்பது கிலோமீட்டர், நல்ல ரோடு. நீங்கள் எழுதியிருக்கும் அத்தனை இடத்தையும் காரில் முடித்துவிடலாம். ரயில் என்றால் கல்லணையை இப்போதே அடித்துவிடுங்கள்.

உறையூர்_கவி

கார் இருக்கிறது அண்ணா. ஆனால் காரில் போனால் பின்சீட்டில் உட்கார்ந்து முன்னால் இருப்பவர் பிடரியைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா. ரயில் அவர் கேட்டது. அதை மாற்ற முடியாது.

ஜன்னல்சீட்

அம்மா சொன்னதுதான் சரி. எக்ஸ்பிரஸ் வேண்டாம், காலைப் பாசஞ்சரில் போங்கள். பொன்மலை, மஞ்சத்திடல், திருவெறும்பூர், சோழகம்பட்டி, அய்யனாபுரம், பூதலூர், ஆலக்குடி என்று நின்று நின்று போகும். திருவெறும்பூரில் குன்றின் மேல் எறும்பீசர் கோயில். அதைத் தாண்டியதும் ஊர் குறைந்து வயல் ஆரம்பிக்கும். பூதலூர்ப் பக்கம் தை மாதத்தில் சம்பா அறுவடை நேரம், கதிர் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கும். ஒரு வயலில் அறுவடை இயந்திரம் ஓடும், அடுத்த வயலில் வெறும் தாள் மட்டும் நிற்கும். எக்ஸ்பிரஸில் இதெல்லாம் கண்ணில் படுவதற்குள் தஞ்சாவூர் வந்துவிடும்.

உட்காரும் இடமும் முக்கியம். பாதை ஏறக்குறைய நேர் கிழக்கே போகிறது. தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அதனால் வெயில் வலது பக்கம் விழும். போகும்போது ரயில் போகும் திசைக்கு இடது பக்க ஜன்னல், திரும்பும்போது வலது பக்கம். இரண்டுமே வடக்குப் பக்கம்தான், காவிரி இருக்கும் பக்கம். (ஆறு தெரியாது, தூரத்தில் இருக்கிறது. ஆனால் பச்சை அதிகம்.)

கணக்குப்பிள்ளை

ஒரு திருத்தம். இதைப் படித்துவிட்டு வேறு யாராவது மே மாதம் போனால் ஏமாந்துவிடுவார்கள். நம் பக்கம் ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். அப்போது வடக்கு ஜன்னலில்தான் வெயில் அடிக்கும். தைக்கு நீங்கள் சொன்னது சரி.

டிக்கெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசஞ்சருக்கு எடுத்த சாதாரண டிக்கெட் எக்ஸ்பிரஸில் செல்லாது. முன்பதிவில்லாத டிக்கெட்டில் 200 கிலோமீட்டருக்குள் போகிறவர்கள் எடுத்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். காலையிலேயே மாலை டிக்கெட்டையும் எடுத்துவைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். வரும்போது எந்த வண்டி முதலில் வருகிறது என்று பார்த்து, எக்ஸ்பிரஸ் என்றால் அதற்கான டிக்கெட், பாசஞ்சர் என்றால் அதற்கானது. பையனுக்கு ஆறு வயது என்பதால் அரை டிக்கெட் உண்டு, ஐந்துக்குக் கீழே என்றால்தான் இலவசம். அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் சலுகை கேட்காதீர்கள், அது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

தாழம்பூ

கவி, ஒரு கேள்வி. அந்தப் புளியோதரையை யார் கிளறப் போகிறார்கள்?

உறையூர்_கவி

அது... அம்மா புளிக்காய்ச்சல் செய்தால்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள் 😬

தாழம்பூ

அதைத்தான் நினைத்தேன். பிறந்தநாள் அம்மாவுக்கு. காலை நான்கு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, தயிர்சாதம் பிசைந்து, வாழையிலை துடைத்துக் கட்டி, ரயிலில் எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவதும் அவர்தான். கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டு, உங்கள் நால்வரின் ராசி நட்சத்திரம் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் செய்யும் வேலையைத் தஞ்சாவூரில் போய்ச் செய்வதற்கு எதற்கு ரயில் டிக்கெட்?

தூக்குவாளியே வேண்டாம். ஓட்டலில் இலை போட்டு வேறு யாராவது பரிமாறட்டும். பேரனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது அன்று பாட்டியின் வேலை இல்லை. உங்கள் இடப் பட்டியலை அம்மாவிடம் காட்டினீர்களா?

வல்லம்காரி

தாழம்பூ அக்கா சொன்னதற்கு மேலே சொல்ல எதுவும் இல்லை. 😄

நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், அதனால் இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். கவி, உங்கள் பட்டியலில் பாதியை எடுத்துவிடுங்கள். புன்னைநல்லூர் ஊருக்குக் கிழக்கே, திருவையாறு வடக்கே பதிமூன்று கிலோமீட்டர், கல்லணை நீங்கள் வந்த வழியில். ஒரே நாளில் மூன்று திசைக்கும் போனால் அம்மா பார்ப்பது முழுக்க ஆட்டோவின் மீட்டரைத்தான். தை மாதம் என்றால் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாளாகவும் இருக்கலாம். ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி என்றைக்கு வருகிறது என்று காலண்டரில் பாருங்கள். அதை ஒட்டி உங்கள் சனிக்கிழமை வந்தால் அந்தச் சாலைப் பக்கமே போகாதீர்கள். சங்கீதம் கேட்கிற ஆசை அம்மாவுக்கு இருந்தால் வேறு கதை, அப்போது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்துவிடலாம்.

தஞ்சாவூர் ஸ்டேஷனிலிருந்து பெரிய கோயில் ரொம்பத் தூரம் இல்லை. ஆற்றுப்பாலம் தாண்டிப் போக வேண்டும். பாலத்துக்குக் கீழே ஓடுவது 1930-களில் வெட்டிய கல்லணைக் கால்வாய், நாங்கள் புது ஆறு என்போம். மேட்டூரிலிருந்து வழக்கமாக ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவார்கள், அதற்குள் நீங்கள் வந்தால் நிறைய ஓடும். முழங்கால் வலி இருப்பதால் ஆட்டோ பிடித்துவிடுங்கள், நடையைக் கோயிலுக்குள் நடப்பதற்கு மிச்சம் வையுங்கள். பிரதோஷ நாள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அன்று மாலை நந்தியைச் சுற்றி நிற்கக்கூட இடம் இருக்காது.

கோயிலில் மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். நடை சாத்துவதை விடக் கல் தரைதான் பெரிய விஷயம். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும், அந்தப் பிராகாரம் பதினொரு மணிக்கு மேல் தையில்கூடச் சுடும். அம்மாவுக்கு ஒரு ஜோடி பருத்திக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். கருவறை மண்டபத்துக்குப் போகும் படிகள் உயரமானவை. ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் உங்கள் கணவர் என்று பிடித்துக்கொண்டால் ஏறிவிடலாம். ஏற வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

மாலைவெயில்

காலையில் போவது எல்லோரும் செய்வது. நான் மாற்றிச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டு ரயிலேறுங்கள், மூன்று மூன்றரைக்கு அரண்மனை, ஐந்து மணிக்குக் கோயில். சாய்ந்த வெயிலில் விமானத்தின் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தரையும் ஆறியிருக்கும். உள்ளூர்க் குடும்பங்கள் புல்வெளியில் உட்கார்ந்திருக்கும், குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோயில் பார்ப்பதற்கென்றே இருக்கும் நேரம் அது.

ஜன்னல்சீட்

மாலை அழகு என்பது உண்மை. ஆனால் திரும்பும்போது இருட்டிவிடும், ஜன்னல் சீட்டில் என்ன தெரியும்? ரயில் பார்க்கக் கிளம்புகிறவரை ராத்திரி ரயிலில் கொண்டுவந்து உட்கார வைப்பதா?

தாழம்பூ

மதியச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டா! யார் சமைத்து?

மாலைவெயில்

😂 சரி, வாபஸ்.

பொன்மலை_ரிட்டயர்டு

தம்பி தங்கைகளுக்கு வணக்கம். நான் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேக் விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை, அதற்காக எழுதுகிறேன்.

ரயில் பெட்டிக்குள் மெழுகுவத்தி ஏற்றக் கூடாது. ஒரே ஒரு சின்ன மெழுகுவத்திதானே என்று நினைக்க வேண்டாம். பெட்டிக்குள் தீ என்றால் சங்கிலி இழுப்பார்கள், ஆட்கள் கதவுப் பக்கம் ஓடுவார்கள், கதவு திறந்திருக்கும். ரயில்வே சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், நெரிசலில் குழந்தை கீழே விழுந்தால் யார் பொறுப்பு? வாணப்பொறி மெழுகுவத்தி என்று ஒன்று விற்கிறார்கள், அதைப் பையிலேயே எடுத்துப்போக வேண்டாம். இன்னொன்று, மினுமினுப்பான வெள்ளிக் காகித பலூன். அதன் மேல்பூச்சு மின்சாரம் கடத்தும். நடைமேடையில் பையன் கையிலிருந்து நழுவி மேலே போனால் அங்கே ஓடுவது 25,000 வோல்ட். சாதாரண ரப்பர் பலூனை ஊதாமல் எடுத்துப்போய் அங்கே போய் ஊதிக்கொள்ளுங்கள்.

மெழுகுவத்தி இல்லாமல் கேக் வெட்டலாமே என்றால் வெட்டலாம். ஆனால் பாசஞ்சர் குலுக்கலில் கத்தியும் கிரீமும் சேர்ந்தால் சீட்டுக்குத்தான் முதல் துண்டு. அம்மாவுக்குப் பிடித்த இனிப்பை டப்பாவில் எடுத்துப்போய் எதிர்ச்சீட்டுக்காரருக்கும் ஒன்று கொடுங்கள்.

பையனுக்கு ஒரு தகவல். திருச்சி ஜங்ஷனை விட்டதும் வரும் பொன்மலைப் பணிமனை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாறி வந்தது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இஞ்சின் புதிதாகச் செய்து கொடுத்ததும் இங்கேதான். நீங்கள் போகும் பாதை அதைவிடப் பழையது. திருச்சிக்கும் நாகைக்கும் நடுவே 1862-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பையனிடம் சொல்லுங்கள், பணிமனை வரும்போது ஜன்னல் பக்கம் இருந்தால் சந்தோஷப்படுவான்.

உறையூர்_கவி

ஐயா, பலூன் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. கேக் கிடையாது என்று முடிவாகிவிட்டது.

இன்று பட்டியலை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "இது யாரோட பிறந்தநாள்?" என்றார். பெரிய கோயில் ஒன்று போதுமாம், அதுவும் அர்ச்சனை கிடையாதாம். "எல்லாருக்கும் நட்சத்திரம் சொல்லி எனக்கு வாய் வலிக்குது, சும்மா சுத்திப் பாத்துட்டு வரேன்" என்றார். புளியோதரை வேண்டாம் என்று நான் சொன்னதும் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும், தாழம்பூ அக்கா.

இன்னொரு கேள்வியும் போட்டார்: நட்சத்திரப்படி கொண்டாடாமல் தேதிப்படி கொண்டாடினால் பெரியப்பா வீட்டில் ஏதாவது சொல்வார்களா என்று.

கணக்குப்பிள்ளை

நட்சத்திரப் பிறந்தநாளுக்கு முன்னுதாரணம் நீங்கள் போகும் ஊரிலேயே இருக்கிறது. ராஜராஜன் பிறந்தது ஐப்பசி சதயம். ஆண்டுதோறும் பெரிய கோயிலில் சதய விழா நடக்கிறது. 2022-லிருந்து அதை அரசு விழா என்று அறிவித்துவிட்டார்கள். அவருக்கே தேதிப்படி கிடையாது. அதனால் பெரியப்பா வீட்டுக்குச் சொல்லுங்கள், நட்சத்திரத்தன்று வீட்டில் ஒரு பாயசம், தேதியன்று ரயில்.

ஐப்பசியில் பிறந்தவர்கள் இந்தப் பயணம் போவதாக இருந்தால் சதய நாளில் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. அடைமழைக் காலமும்கூட.

வல்லம்காரி

அர்ச்சனை இல்லாமல் சுற்றிப் பார்ப்பதென்றால் அந்தக் கோயில் ஒரு மணி நேரத்தில் தீராது. அம்மாவுக்கும் பையனுக்கும் தனித்தனியாகக் காட்ட விஷயம் இருக்கிறது.

அம்மாவுக்கு: கல்வெட்டு. ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிப் பாடும் பெண்கள்) 400 பேரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்குப் பங்கு ஒன்றுக்கு நூறு கலம் நெல் என்பதும் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சம்பளப் பட்டியலைச் சுவரில் எழுதி வைத்த கோயில். இதைச் சொன்னால் எந்த அம்மாவும் நின்று கேட்பார். அந்த எழுத்தை நம்மால் படிக்க முடியாது, ஆனால் அருகில் போய்ப் பாருங்கள். உளியின் ஓட்டம் ஒரே சீராக, வரி கோணாமல் போகும்.

பையனுக்கு: நிழல். "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று யாராவது வாசலில் சொல்வார்கள். விழும். பையனையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காலை எட்டு ஒன்பது மணிக்கு மேற்குப் பக்கம் நீளமாகக் கிடக்கும். 216 அடி உயரமென்றால் நிழல் எவ்வளவு தூரம் போகும் என்று காலடி போட்டு அளக்கட்டும், சக்தி முழுக்கத் தீர்ந்துவிடும். நந்தி ராஜராஜன் காலத்தது இல்லை, நாயக்கர் காலத்தது என்பதையும் சொல்லிவையுங்கள், பள்ளியில் போய் டீச்சரைத் திருத்துவான்.

அரண்மனைக்கு நேரம் இருந்தால் ஓவியக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. தரங்கம்பாடியில் கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் அங்கே உண்டு. இரண்டில் எது முதலில் என்பதில் உங்கள் வீட்டில் ஓட்டு பிரியும்.

சும்மா_ஒருவன்

ஜன்னலோரம் கேட்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே, அதை யாரும் கேட்கவில்லையே? பேரன் அழுதால் பாட்டி எழுந்து இடம் கொடுத்துவிடுவார். பந்தயம் கட்டுகிறேன்.

ஜன்னல்சீட்

நல்ல கேள்வி. வண்டி புறப்படும் ஸ்டேஷன் திருச்சி என்றால் கொஞ்சம் முன்னதாகவே வந்து நிற்கும். அரை மணி முன்னால் போய் எதிரெதிரே இரண்டு ஜன்னலோரம் பிடித்துவிடுங்கள். ஒன்று பாட்டிக்கு, எதிரில் பேரனுக்கு. நீங்கள் இருவரும் நடைபாதைப் பக்கம். வெளியூரிலிருந்து திருச்சி வழியாக வருகிற வண்டியில் இது நடக்காது. கோவையிலிருந்து வரும் ஜன் சதாப்தியில் முன்பதிவு இருக்கை கிடைக்கும். ஆனால் அது தஞ்சாவூர் போய்ச் சேரும்போது கோயில் நடை சாத்தும் நேரம் நெருங்கிவிடும்.

அப்புறம் பாசஞ்சர் வண்டிகளில் எல்லாப் பெட்டியிலும் கழிப்பறை இருக்காது. ஏறும்போதே பார்த்து ஏறுங்கள். ஏறும் படி உயரமாக இருந்தால் முதலில் நீங்கள் ஏறி மேலிருந்து கை கொடுங்கள், கணவர் கீழே நிற்கட்டும்.

பொன்மலை_ரிட்டயர்டு

முழங்கால் பற்றி ஒரு வார்த்தை. படிக்கட்டு ஏற வேண்டியிருந்தால் நிலைய அதிகாரி அறையில் சக்கர நாற்காலி கேட்கலாம், காசு கிடையாது. வெட்கப்பட வேண்டாம். திரும்பும்போது தஞ்சாவூரில் வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் நடக்கவும். கடைசி நிமிஷத்தில் மாற்றி அறிவித்தால் அம்மாவை ஓடவிடாதீர்கள். அந்த வண்டி போனால் போகட்டும், அடுத்தது வரும்.

உறையூர்_கவி

போய்விட்டு வந்துவிட்டோம்! எல்லோரும் கேட்டதால் விவரமாக எழுதுகிறேன்.

அண்ணன் வரவில்லை, வீடியோவில் வாழ்த்தினார். எதிரெதிர் ஜன்னல் கிடைத்தது. சும்மா அண்ணா, பந்தயத்தில் நீங்கள் தோற்றீர்கள். பையன் அழவே இல்லை, ஆனால் பொன்மலை தாண்டியதும் "பாட்டி, உங்க பக்கம்தான் நல்லா தெரியுது" என்று ஆரம்பித்தான். அம்மா அசையவே இல்லை. "உனக்கு இன்னும் நிறைய பிறந்தநாள் வரும், போடா" என்றார். பெட்டியே சிரித்தது.

திருவெறும்பூரில் பூக்கூடையோடு ஒரு பாட்டி ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பூதலூர் வருவதற்குள் இரண்டு பேரும் மருமகள்கள், முழங்கால் தைலம், மல்லிகை விலை எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். பிறந்தநாள் என்று தெரிந்ததும் அந்தப் பாட்டி கூடைக்குள் கைவிட்டு, ஈரத்துணியை விலக்கி, கதம்பச் சரத்தில் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நாங்கள் டப்பாவிலிருந்து மைசூர்பாகு கொடுத்தோம் (கடையில் வாங்கியது, தாழம்பூ அக்கா கவனிக்கவும்).

கோயிலில் எட்டரைக்கு இருந்தோம். நிழல் கண்டுபிடிக்கப்பட்டது. பையன் காலடியால் அளந்து ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் சொன்னான். அம்மா மண்டபப் படி ஏறவில்லை, கீழே நின்றே கும்பிட்டுவிட்டார். ஆனால் கல்வெட்டுப் பக்கம் நாங்கள் நினைத்ததைவிட நீண்ட நேரம் நின்றார். "நூறு கலம் ஒரு ஆளுக்கா, குடும்பத்துக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, வல்லம்காரி சொல்லுங்கள். பத்தரை மணிக்கே தரை சுட ஆரம்பித்தது, காலுறை கைகொடுத்தது.

அரண்மனையில் திமிங்கிலம்தான் ஜெயித்தது.

சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் சிக்கல். போன ஓட்டலில் இலை போட்டு முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள், சாம்பார் வரும்போது சாதம் இல்லை, சாதம் வரும்போது சாம்பார் இல்லை. நான் கோபப்பட்டேன், அம்மா கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார். சர்க்கரை அளவு பற்றி அன்று யாரும் பேசக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு.

திரும்பும் வண்டி நாற்பது நிமிடம் தாமதம். சனிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம், வலது பக்க ஜன்னல் கிடைக்கவில்லை, வெயில் பக்கம்தான் உட்கார்ந்தோம். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். பையன் என் மடியில் தூங்கிவிட்டான். ஏழு மணிக்கு முன்னால் வீடு.

வல்லம்காரி

மகிழ்ச்சி கவி! அம்மா கேட்டது சரியான கேள்வி. பங்கு என்பது வேலைக்கு உரியது. ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்து அந்தப் பங்கைப் பெற வேண்டும், தகுதியான உறவினர் இல்லையென்றால் வேறு தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில் வருகிறது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

தாழம்பூ

அம்மாவிடம் என் வாழ்த்தையும் சொல்லுங்கள். இரண்டாவது பாயசத்துக்கு முழு மதிப்பெண்.

நன்னிலத்தான்

இந்த இழையை இப்போதுதான் முழுவதும் படித்தேன். அப்பாவுக்கு எழுபது வருகிறது. தஞ்சாவூரிலிருந்து ரயிலில் கும்பகோணம் போய், தாராசுரம் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம் என்று நினைக்கிறேன். அப்பா கைத்தடி வைத்து நடப்பவர். தாராசுரத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறதே, அங்கேயே இறங்கிவிடலாமா?

மெயின்லைன்_மணி

ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்பதில்லை. கும்பகோணத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சில நிமிடத்தில் தாராசுரம். கோயிலைச் சுற்றியுள்ள தரை உயர்ந்து, கோயில் பள்ளத்தில் இருப்பது போல இருக்கும். உள்ளே இறங்கப் படி உண்டு, மழை பெய்திருந்தால் தண்ணீரும் தேங்கும். அதனால் ஐப்பசி கார்த்திகை என்றால் வேண்டாம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, பெரிய கோயிலைவிடச் சின்னது. கைத்தடியோடு சுற்றிவர அது வசதிதான். நாயன்மார் கதைகள் வரிசையாகச் செதுக்கியிருக்கும் பட்டி இடுப்பளவு உயரத்தில் ஓடுகிறது, அப்பா குனிந்து பார்க்க ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். தாராசுரத்தை முதலில் முடித்துவிட்டு கும்பகோணத்துக்குத் திரும்பி வந்து சாப்பிடுங்கள். மதியம் மற்ற கோயில்கள் எல்லாம் சாத்தியிருக்கும், அந்த நேரத்தில் அப்பாவைச் சுற்ற வைக்காமல் ஒரு அறை எடுத்துப் படுக்க வையுங்கள்.